ஆண்டு வருமானம் என்ற கட்டத்தில் எதை எழுதுவது?

வாசகியின் கேள்வி, 12 மே 2025

என் மகள் அரசுப் பள்ளியில் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பு தேறிவிட்டாள். 8ஆம் தேதி முடிவு வந்தது. இராமநாதபுரத்தில் அரசுக் கல்லூரியில் இளங்கலை சேர்க்க எண்ணியிருக்கிறோம். உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள். என் வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். ஒருமுறை கடலுக்குப் போய் வந்தால் சில சமயம் 1,500 ரூபாய் கிடைக்கும், சில சமயம் டீசல் செலவுக்கே சரியாகிவிட்டது என்று வெறுங்கையோடு வருவார். ஆண்டு வருமானம் என்ற கட்டத்தில் 72,000 என்று போடச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் எல்லார் வீட்டுச் சான்றிதழிலும் அதே 72,000தான் இருக்கிறது. உண்மையை எழுதினால் உதவித்தொகை போய்விடுமா?

12 மே 2025, இரவு

72,000 என்று எழுத வேண்டாம், தங்கையே. கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் என்பதால் அந்த எண்ணை நான் நன்றாக அறிவேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கும் திருமண உதவித் திட்டத்துக்கும் ஒரு காலத்தில் அதுதான் வருமான வரம்பு. அந்தப் பழக்கத்தில் அது கைக்கு வந்த எண்ணாகிவிட்டது என்பது என் கணிப்பு. வரம்புகள் மாறிவிட்டன, திருமண உதவித் திட்டமே வேறு திட்டமாகிவிட்டது, ஆனாலும் கடற்கரை முழுவதும் மாதம் 6,000 ரூபாயில்தான் இன்னமும் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறது, காகிதத்தில்.

உங்கள் கணக்கை உட்கார்ந்து போடுவோம். ஆண்டுக்கு 52 வாரம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் போனால் மிஞ்சுவது 43 வாரம். விசைப்படகுகள் உங்கள் பக்கம் திங்கள், புதன், சனி என வாரத்துக்கு மூன்று நாள் போகின்றன. அப்படியானால் 129 முறை. புயல் எச்சரிக்கையால் அனுமதிச்சீட்டுக் கொடுக்காத நாள்கள், படகுகள் பிடிபட்டால் நடக்கும் வேலைநிறுத்தம், இயந்திரம் பழுது, ஊர்த் திருவிழா எல்லாவற்றையும் கழித்தால் நூறு முறை போயிருந்தாலே பெரிது. நூறு முறையும் 1,500 ரூபாய் வந்ததாக வைத்துக்கொண்டாலும் 1,50,000. உதவித்தொகைக்கான வருமான வரம்பு 2,50,000. உண்மையையே எழுதுங்கள், உண்மை உங்களை எங்கும் தள்ளிவிடவில்லை.

14 மே 2025

மேலே நான் எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வரம்புக்குள் வருகிறீர்களா என்று கணக்குப் போடும் வேகத்தில், அந்த வரம்பு உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க மறந்துவிட்டேன். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் வகுப்பு மாணவர்கள் அரசுக் கல்லூரியிலோ அரசு உதவிபெறும் கல்லூரியிலோ மூன்றாண்டு இளங்கலை படித்தால், கல்விக் கட்டணச் சலுகைக்கு வருமான நிபந்தனையே இல்லை. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்று போகும்போதுதான் 2.5 இலட்சம் என்ற கோடு குறுக்கே வரும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான மேற்படிப்பு உதவித்தொகைக்கும் 2.5 இலட்சம்தான்.

புதுமைப்பெண் திட்டத்துக்கும் வருமான வரம்பு கிடையாது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய திட்டம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கில் விழும். நான் முன்னே சொன்ன திருமண உதவித் திட்டம் உருமாறி நிற்பது இதுவாகத்தான். தாலிக்குத் தங்கம் கொடுத்த பணம் இப்போது கல்லூரிக்குப் போகிறது.

வருமானம் கேட்பது மத்திய அரசின் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர் உதவித்தொகை. பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் வரிசையில் மேல் 20 விழுக்காட்டுக்குள் வந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் 4.5 இலட்சத்துக்குள் இருக்க வேண்டும். இளங்கலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுபவருக்கு இது கிடையாது என்ற விதி இருக்கிறது, அதைப் படித்துப் பார்த்துவிட்டு எது உங்களுக்கு இலாபம் என்று முடிவு செய்யுங்கள்.

ஆக, உங்கள் மகளின் முதல் தேவைகளுக்கு அந்தக் கட்டத்தில் எழுதும் எண் ஒரு பொருட்டே இல்லை. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

15 மே 2025

எப்போது இப்பேச்சில் கலாம் வருவார் என்று காத்திருந்தேன். ஒன்றரை நாள் தாமதமாக வந்திருக்கிறார். 'கலாம் உதவித்தொகை இல்லாமலேயே படிக்கவில்லையா?' என்று கேட்டவருக்கு: கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ 1,000 ரூபாய் தேவைப்பட்டபோது தமக்கை சோஹ்ரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். தமக்கை கழுத்தில் சங்கிலி இல்லாத பையன்கள் எத்தனை பேர் என்ற கணக்கு நம்மிடம் இல்லை, அவர்களுக்கு மணிமண்டபமும் இல்லை.

19 மே 2025

தொண்டிக்காரத் தம்பி கேட்டிருப்பது நியாயமான கேள்வி. படகு முதலாளியின் மகளும் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் அதே 1,000 ரூபாயை வாங்குகிறாளே, தேவையைப் பார்க்காமல் கொடுப்பது உதவியா என்கிறார். அவருக்கு விடை சொல்வதற்கு முன் என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் 1981இல் கல்லூரியில் சேர்ந்தேன். பாம்பனுக்குச் சாலைப்பாலம் 1988இல்தான் திறந்தார்கள். அதுவரை தீவிலிருந்து வெளியே போக இரயில்தான். இராமநாதபுரம் மாவட்டத்துக்கு அப்போது ஆட்சியர் அலுவலகம் மதுரையில் இருந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. 1985இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் வரைக்கும் நம் காகிதங்கள் மதுரைக்குப் போய்த்தான் திரும்பின. என் உதவித்தொகை விண்ணப்பமும் அப்படித்தான் போயிற்று.

அம்மா பாசி எடுக்கப் போவார். விரல்களில் பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, தீவுக்கு அருகில் பாறைத்தளத்தில் முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி இடுப்புப் பையில் அடைப்பார். கரைக்கு வந்து துணியை அவிழ்த்தால் விரல் நுனிகள் ஊறி வெளுத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் ஓடியிருக்கும். அந்தக் கையாலேயே புளி கரைப்பார், முகம் ஒரு கணம் சுருங்கும். பாசியை வாங்கும் வியாபாரி என் முதலாண்டுக் கட்டணத்துக்கு ஜூன் மாதம் முன்பணம் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை எடை போடும்போதும் தராசு எங்கள் பக்கம் கொஞ்சம் குறைவாகவே நின்றது. அம்மாவுக்கு அது தெரியும். கேட்க முடியாது, பணம் வாங்கியிருக்கிறோமே.

அரசின் உதவித்தொகை வந்தது. முதலாண்டுத் தேர்வெல்லாம் எழுதி முடித்த பிறகு வந்தது. அறிவிப்புப் பலகையில் என் பெயரைப் பார்த்துவிட்டு வாங்கிய முந்நூற்றுச் சொச்சம் ரூபாயை அப்படியே வியாபாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். பற்று தீரவில்லை.

நான் படித்தது அரசின் உதவியாலா, வியாபாரியின் உதவியாலா என்று இன்றும் சில இரவுகளில் யோசிப்பதுண்டு. அரசு கொடுத்தது திருப்பிக் கேட்காத பணம். வியாபாரி கொடுத்தது ஜூன் மாதத்தில் கொடுத்த பணம்.

தம்பிக்கு விடை அடுத்த முறை. விரல் வலிக்கிறது.

23 மே 2025

அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் இந்த இழையைப் படித்துவிட்டு, அங்குள்ள பெல் கிராண்ட் என்ற கல்லூரி உதவித்தொகை பற்றி எழுதி அனுப்பியிருக்கிறார். 1972இல் வேறு பெயரில் தொடங்கி, 1980இல் கிளேபோர்ன் பெல் என்ற செனட்டரின் பெயரைச் சூட்டிக்கொண்ட திட்டம். திருப்பிச் செலுத்த வேண்டாத பணம். ஃபாஃப்சா என்ற ஒரே படிவத்தை நிரப்பினால் போதுமாம். 2025-26 கல்வியாண்டில் ஒருவருக்கு அதிகபட்சம் 7,395 டாலர், குறைந்தபட்சம் 740 டாலர். குடும்பத்தின் நிலை மேலே போகப் போகத் தொகை படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்து, ஓர் இடத்தில் நின்றுவிடும்.

நமது 2.5 இலட்சத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதத்துக்கு 20,833 ரூபாய். அதற்கு ஒரு ரூபாய் கீழே இருந்தால் முழுவதும் உண்டு, ஒரு ரூபாய் மேலே போனால் ஒன்றுமே இல்லை. மணல் சரிவில் இறங்குவதற்கும் பாலத்திலிருந்து விழுவதற்கும் உள்ள வேறுபாடு. பாலத்தின் விளிம்பு அங்கே இருப்பதால்தான் மக்கள் 72,000 என்று எழுதிக்கொண்டு விளிம்பைவிட்டு முடிந்தவரை உள்ளே தள்ளி நிற்கிறார்கள். பொய் சொல்லும் ஆசையைவிட அச்சம்தான் அந்த எண்ணை எழுத வைக்கிறது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. 12ஆம் தேதி நான் கேலி செய்தது சரியில்லை.

அங்கேயும் கோணல் இல்லாமல் இல்லை. 2025-26 கல்வியாண்டுக்கு 2023ஆம் ஆண்டின் வருமானத்தைப் பார்க்கிறார்களாம். இரண்டு ஆண்டுக்கு முன் பட்ட மீனை வைத்து இன்றைக்குக் குழம்பு கொதிக்க வைப்பது போல. ஆனால் வேலை போய்விட்டது, வருமானம் திடீரென்று விழுந்துவிட்டது என்று ஆவணத்தோடு வந்தால், கணக்கைத் திருத்திப் பார்க்கும் அதிகாரம் கல்லூரியின் உதவித்தொகை அலுவலருக்கே உண்டாம். இதைப் படித்ததும் எனக்குச் சற்று நேரம் கை ஓடவில்லை. காரணம் இருக்கிறது.

என் மேசைக்கு ஒரு பெண் வந்தாள். முதுகலை முதலாண்டு. பிற்படுத்தப்பட்டோருக்கான வரம்பு அப்போது 2 இலட்சம்; அவள் கொண்டுவந்த சான்றிதழில் 2,10,000 என்று இருந்தது. அப்பா சொந்தமாக நாட்டுப்படகு வைத்திருந்தார். சான்றிதழ் வாங்கிய சில மாதங்களில் படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு, அவரும் யாழ்ப்பாணத்துச் சிறையில் இருந்தார். செய்தித்தாளைக் கத்தரித்து ஒரு நெகிழி உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அப்பாவின் பெயருக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தாள். நான் சான்றிதழைப் பார்த்தேன், சுற்றறிக்கையைப் பார்த்தேன், வராது என்று சொன்னேன். இரண்டாம் ஆண்டு வருகைப்பதிவேட்டில் அவள் பெயர் இல்லை.

எனக்கு அந்த அதிகாரம் இருந்திருந்தால், என்று நினைத்துக்கொண்டேன்.

3 ஜூன் 2025

தேதியைப் பற்றி யாரும் பேசவில்லை, நானே பேசுகிறேன். தடைக்காலம் 2001இல் வந்தபோது 45 நாள்; ஏப்ரல் 15 தொடங்கி மே 29இல் முடியும். 2017இல் 61 நாளாக்கினார்கள். இப்போது ஜூன் 14 வரை. மீன் வளத்துக்கு அது நல்லதா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. கல்லூரிச் சேர்க்கை மே இறுதியிலும் ஜூனிலும் நடக்கிறது. முன்பு படகு கடலுக்குப் போய் இரண்டு வாரச் சம்பாத்தியம் கைக்கு வந்த பிறகு கட்டணம் கேட்டார்கள். இப்போது படகு கரையில் சாய்ந்து கிடக்கும்போதே கேட்கிறார்கள். தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். இரண்டு மாத அரிசிக்கும் மளிகைக்கும் போனது போக அதில் கல்லூரிக்கு என்ன மிஞ்சும் என்பதை வாசகியிடமே கேளுங்கள்.

கட்டணச் சலுகை உண்டென்றாலும் விடுதிக்கு முன்பணம், சீருடை, பேருந்து, புத்தகம் இவை எந்தச் சலுகைக்கும் காத்திருப்பதில்லை. புதுமைப்பெண் பணமும் சேர்க்கை முடிந்து, கல்லூரி வழியாக விண்ணப்பித்து, சரிபார்த்த பிறகுதான் வரத் தொடங்கும். ஜூன் மாதத்தில் பணம் வைத்திருப்பவர் இன்றும் வியாபாரியும் அடகுக்கடைக்காரரும்தான்.

4 ஜூன் 2025

நாட்டுப்படகுகளுக்குத் தடைக்காலம் இல்லையே என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். உண்மை. நான் சொன்னது விசைப்படகுக்காரர்களின் கதை. பாசி எடுக்கும் பெண்களும் அந்த மாதங்களில் கடலில் இறங்குவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

16 ஜூன் 2025

தொண்டிக்காரத் தம்பிக்குத் தர வேண்டிய விடை. தடைக்காலம் முடிந்து படகுகள் போகத் தொடங்கிவிட்டதால் எல்லோரும் நல்ல மனநிலையில் இருப்பீர்கள், திட்டமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

வேலையில் இருந்த காலமெல்லாம் நான் உங்கள் கட்சிதான், தம்பி. தேவையானவருக்கு மட்டுமே பணம் போக வேண்டும், அதற்குத்தான் சான்றிதழ், அதற்குத்தான் என் மேசை என்று இருந்தேன். ஆனால் என் மேசையில் தடுக்கப்பட்டவர்களில் படகு முதலாளியின் பிள்ளை ஒருவரைக்கூட நான் பார்த்ததாக நினைவில்லை. அவர்களுக்கு எந்தத் தேதியில் எந்தக் காகிதம் வேண்டும் என்று தெரியும், கையோடு வரும். சிக்கியவர்கள் எல்லாம் சான்றிதழ் காலாவதியாகி மூன்று நாள் ஆனவர்கள், அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியவர்கள், தாசில்தார் அலுவலகத்துக்கு இரண்டாம் முறை போக ஒரு நாள் கூலியை விட முடியாதவர்கள். தேவையை அளக்கும் கருவியே தேவையுள்ளவரைத்தான் முதலில் வெளியே தள்ளுகிறது. முதலாளி மகளுக்கும் 1,000 ரூபாய் போகட்டும். அதற்காக நான் வருத்தப்படுவதை நிறுத்திவிட்டேன்.

முழுவதும் உங்களை மறுத்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். தொழிற்படிப்பில் கட்டணம் ஆயிரக்கணக்கிலிருந்து இலட்சத்துக்குப் போகும்போது எல்லோருக்கும் கொடுக்க எந்த அரசிடமும் பணம் இருக்காது. அங்கே ஏதோ ஓர் அளவுகோல் வேண்டும்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேருபவரின் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்பதில், அந்த அளவுகோல் படித்த பள்ளி. வருமானத்தைவிட அதைச் சரிபார்ப்பது எளிது. அரசுப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழில் யாரும் 72,000 என்று எழுத முடியாது.

17 ஜூன் 2025

இன்னொரு திருத்தம், இது எனக்கே. மே 23ஆம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். அதிகாரம் இல்லாததால் அந்தப் பெண்ணுக்கு உதவ முடியவில்லை என்பது போல முடித்திருக்கிறேன். அது முழு உண்மை ஆகாது. நிலைமை மாறிவிட்டது என்று சொல்லிப் புதிய வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அவளுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. விண்ணப்பக் கெடு முடிய பதினோரு நாள் இருந்தது. கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள், படகு பிடிபட்ட செய்தியைக் காட்டுங்கள், அம்மா கையெழுத்துப் போட்டால் போதும் என்று நான் இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு மேசையில் முப்பது கோப்புகள் இருந்தன. சொல்லவில்லை.

28 ஜூன் 2025

வாசகி எழுதியிருக்கிறார், மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது, மகிழ்ச்சி. வங்கிக் கணக்குப் பற்றிக் கேட்டிருக்கிறார். அரசு நேரடியாகச் செலுத்தும் பணம் நீங்கள் எழுதிக் கொடுக்கும் கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அதற்குத்தான் போகும். பள்ளிக் காலத்தில் ஒரு வங்கியிலும் பின்னால் வேறொன்றிலும் கணக்குத் தொடங்கிவிட்டு, பணம் வரவில்லை என்று என்னிடம் அழுத பிள்ளைகளில் பாதிப் பேரின் பணம் மறந்துபோன மற்றொரு கணக்கில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. மகள் பெயரில் தனிக் கணக்காக இருக்கட்டும், குறைந்தபட்ச இருப்புக் கேட்காத அடிப்படைக் கணக்காக இருக்கட்டும். இருப்பு இல்லை என்று அபராதம் பிடித்துப் பிடித்தே உதவித்தொகை கரைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

9 ஜூலை 2025

வருமானச் சான்றிதழ் வந்துவிட்டதாம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, நான் சொன்ன கணக்கைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, 1,50,000 என்று விண்ணப்பித்திருக்கிறார். விசாரித்து முடித்து வந்த சான்றிதழில் 72,000 என்று இருக்கிறதாம். இப்போது என்ன செய்வது என்று கேட்கிறார்.

வைத்துக்கொள்ளுங்கள், தங்கையே. மகளின் தலைப்பெழுத்து ஆதாரில் உள்ளது போலவே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஓராண்டுக்குத்தான் செல்லும், அடுத்த ஆண்டு படகுகள் கரையேறும் ஏப்ரல் பதினைந்தாம் தேதியே புதியதற்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள், அப்போது உங்கள் வீட்டுக்காரருக்கும் வரிசையில் நிற்க நேரம் இருக்கும்.